பாளையங்கோட்டைக்குப் போன குரல்

பனையடிப்பட்டிப் பேரூராட்சியின் ஒன்பதாவது வார்டு உறுப்பினர் முப்பிடாதியம்மாளின் குரல், ஒரு திங்கட்கிழமை காலையில், மன்றக் கூட்டத்தின் நடுவில், கீழத்தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் எப்போது வரும் என்று அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தபோதே, பாதிப் பேச்சில் அவளை விட்டுக் கிளம்பிப் போனது. வாய் அசைந்தது, கை அசைந்தது, கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் இல்லை. கரண்டு போய்விட்டதோ என்று தலைவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. செயல் அலுவலர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உறுப்பினர் பேசி முடித்ததாக எடுத்துக்கொண்டு, அடுத்த விஷயமான மீன் மார்க்கெட் கூரைக்குப் போனார்.

மத்தியானம் முப்பிடாதி வீட்டில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கையில், காலையில் விட்ட இடத்திலிருந்து, "ஆடி மாசத்துக்குள்ள வந்தாகணும், இல்லேன்னா குடத்தோட வந்து வாசல்ல உக்காருவோம்" என்ற மிச்சப் பேச்சு தானாக வெளியே வந்து சோற்றின் மேல் விழுந்தது. பக்கத்து வீட்டில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த செல்லக்கனி, "யாருட்டக்கா சண்ட போடுத?" என்று கேட்டாள். "யாருட்டயும் இல்லட்டி. காலைல பேசுனது இப்பதான் வருது" என்றாள் முப்பிடாதி. அப்படியா என்று செல்லக்கனி அடுத்த பீடிக்கு இலையை எடுத்தாள்.

மறுநாள் காலையிலும் குரல் போனது, அதற்கு மறுநாளும் போனது. மத்தியானம் ஆனால் திரும்பி வந்தது.

முப்பிடாதி யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். வார்டு உறுப்பினர் ஆவதற்கு முன்னால், கோவில் கொடைத் திருவிழா நடக்கிற ஊர்களில் எல்லாம், கயத்தாறிலிருந்து ராதாபுரம் வரைக்கும் மேடை போட்ட இடத்தில் எல்லாம், அவள் நாட்டுப்புறப் பாடகர் சுடலைக்கண்ணுவோடு சேர்ந்து பாடியவள். அவர் கேள்வி கேட்டுப் பாடுவார், இவள் பதில் சொல்லிப் பாடுவாள். அவர் கேலி செய்வார், இவள் அதை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பாள். தவில்காரருக்கு மூச்சு வாங்கும், முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகள் மண்ணைக் கிளப்பி ஆடும், பெரியவர்கள் ஆடாத மாதிரி ஆடுவார்கள். இருவருக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை. லாரி ஓட்டிய அவள் புருஷன் இருந்த காலத்தில், வண்டியில் அவள் கேசட்டைப் போட்டுக்கொண்டு நாக்பூர் வரைக்கும் போய் வந்தவர். ஒரே மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொடை முடிந்து வேனில் திரும்பி வரும்போது, முப்பிடாதி, "அண்ணாச்சி, நடுவுல ஒரு பாட்டாச்சும் மெதுவாப் பாடுவோமே, எனக்கு ஆசையா இருக்கு" என்று கேட்டாள். சுடலைக்கண்ணு கண்ணை மூடியபடியே, "ஒனக்கு இழுத்துப் பாட வராது தாயி. அது வேற தொண்ட" என்று சொன்னார். கயத்தாறு விலக்கில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியவள், காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தாள். பிறகு அந்த வேனில் அவள் ஏறவே இல்லை. பாடவும் இல்லை. கடைசி வரிசைக்குக் கேட்டுப் பழகிய குரல் சும்மா இருக்காது என்று தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள், பேரூராட்சி அலுவலகத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தாள்.

சுடலைக்கண்ணு அவள் இல்லாமலும் கொஞ்ச காலம் பாடினார். பிறகு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்துக் கிடந்த மாதங்களில், ஆடுவதற்கு வழியில்லாத ஆளுக்கு ஆடாத பாட்டுகள் வரத் தொடங்கின. ஒன்று அவர் அப்பா கொடியில் காயப்போட்ட ஒற்றைச் சட்டையைப் பற்றியது. ஒன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்த நாளைப் பற்றியது. ஒன்று, ஜனம் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு கொடைப் பந்தலில் நடப்பதைப் பற்றியது. எழுபத்திரண்டு வயதில் இவற்றை எல்லாம் சேர்த்து ஓர் ஆல்பமாகப் போட்டுவிட வேண்டும் என்று, பாளையங்கோட்டையில் சர்ச் பாட்டுகள் பதிவு செய்கிற எட்வினின் ஸ்டூடியோவுக்குக் கைத்தடியோடு படியேறிப் போனார். அது ஒரு திங்கட்கிழமை.

முதல் பாட்டை அவர் எடுத்ததும் எட்வின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தார். சுடலைக்கண்ணு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"எட்வின், உள்ள யாரு?"

"உள்ள நீங்க மட்டும்தான் அண்ணாச்சி. மைக்குல ரெண்டு பேரு இருக்காங்க."

சுடலைக்கண்ணு காலி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு காதில் மாட்டிக்கொண்டு, "பாடட்டும்" என்றார்.

எட்வின் நியாயமான மனுஷன். ஒருவருடைய குரலை அவருக்குத் தெரியாமல் நாள்கணக்காகப் பதிவு செய்வது சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. அது யார் குரல் என்று சுடலைக்கண்ணுவிடம் கேட்டு, பனையடிப்பட்டிப் பேரூராட்சி அலுவலகத்தில் நம்பர் வாங்கி, அந்த வாரக் கடைசியில் ஒரு காலையில் போன் செய்தார். முப்பிடாதிக்குக் குரல் இல்லாத நேரம் என்பதால் செல்லக்கனிதான் எடுத்தாள்.

"அம்மா, உங்க குரல் இங்க என் ஸ்டூடியோவுல இருக்கு. தேடிக்கிட்டு இருப்பீங்களேன்னு சொல்லுதேன்" என்றார் எட்வின். "பத்திரமா இருக்கு. கேக்கீங்களா?"

போனை அவர் ஸ்பீக்கர் பக்கம் பிடித்தார்.

கூட்டம் கலஞ்ச பெறகும்
டியூப்லைட்டு எரியுதம்மா
பாட்டு முடிஞ்ச பெறகும்
பந்தலுக்குக் கேக்குதம்மா

சுடலைக்கண்ணுவின் தேய்ந்த குரலுக்கு மேலே, வாழையிலையில் தண்ணீர் ஓடுகிற மாதிரி எங்கும் ஒட்டாமல் ஓடியது இன்னொரு குரல். "யக்கா, இது நீதான்" என்றாள் செல்லக்கனி. முப்பிடாதி தலையை ஆட்டினாள். பிறகு அவள் முகம் மாறியது. அது மெதுவான பாட்டு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குரல் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டதால் ஊருக்கு நிம்மதியாகிவிட்டது. வெளியூரில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இது கொஞ்சம் வேறு மாதிரி, அவ்வளவுதான். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி இருக்கிறது என்றும், பஸ் ரோட்டுத் தூசியில் வந்து போவதால் குரல் திரும்பியதும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போதும் என்றும் சொன்னாள். அம்மன் கோவில் பூசாரி, வழிப்போக்குக்கு ஒரு காவல் வேண்டும் என்று கறுப்புக் கயிறு ஒன்றை மந்திரித்தார். முப்பிடாதியின் கையில் கட்டிப் பிரயோஜனம் இல்லை, குரல் நிற்கிற இடத்தில் கட்டவேண்டும் என்று, திருநெல்வேலி பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார். எட்வின் அதை வாங்கி, ஒரு ஜெபத்தையும் சொல்லி, மைக் ஸ்டாண்டில் கட்டினார். பேரூராட்சித் தலைவர் மன்றக் கூட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றினார். ஒன்பதாவது வார்டு உறுப்பினரின் குரல் அலுவலாக வெளியூர் சென்றிருப்பதால் என்று நோட்டீஸ் பலகையில் காரணமும் எழுதிப் போட்டார்கள். அதை நின்று படித்தவர்கள் யாரும் இரண்டாம் தடவை படிக்கவில்லை.

காலை நேரத்தில் அவளிடம் வேலை இருப்பவர்கள் செல்லக்கனியிடம் வந்தார்கள். முப்பிடாதி என்ன சொல்லுவாள் என்பது கீழத்தெருப் பெண்களுக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்ததால் அவளுடைய வாயைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். ரேஷன் கடைக்காரர் எடை குறைத்தபோது, முப்பிடாதி வரிசையில் நின்று ஒரு விரலைத் தூக்க, பின்னால் நின்ற பெண்கள் சேர்ந்து அவளுடைய வசவை அப்படியே, அவள் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்திச் சொன்னார்கள். ஒரு ஆளிடம் கேட்டதைவிட இது மோசமாக இருக்கிறது என்று அவர் சரியாக அளந்து போட்டார்.

அப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் குரல் திரும்பி வருகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது. முதலில் மத்தியானம் வந்தது, பிறகு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தது, பிறகு மறுநாள் பால் வாங்கும்போது வந்தது. வந்தாலும் அவளிடம் ஒட்டவில்லை. பேசுகிற பேச்சின் நடுவே சர்ச் பாடகர்களிடம் பிடித்துவந்த ராகம் ஒன்றை முனகியது. கத்தரிக்காய் விலை கேட்கப் போனவள் வாயில் "ஸ்தோத்திரம்" என்று வந்தது. மகன் போன் செய்தால், பாதிப் பேச்சில் வாசல் பக்கம் பார்க்கிற விருந்தாளி மாதிரி, குரல் இருப்புக் கொள்ளாமல் தவித்தது. பேரூராட்சியில் குழாய்க்கான பணத்தை எந்தத் தெருவுக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் கூட்டம் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் குரல் வராமல் போனால் பணம் மேலத்தெருவுக்குப் போய்விடும். மேலத்தெருவுக்கு ஏற்கெனவே இரண்டு குழாய்.

"இனி ஒரு பாட்டுதான் பாக்கியாம். அதுக்குப் பெறகு அங்கனயே தங்கிருச்சின்னா என்ன செய்ய?" என்றாள் செல்லக்கனி. "போய்க் கையோட கூட்டிட்டு வந்துருக்கா."

முப்பிடாதி விறைப்பான காட்டன் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

படியேறி உள்ளே வந்தபோது சுடலைக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கைத்தடி காலுக்கிடையில் இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவரைக் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். பதிவு நடக்காத நேரம் என்பதாலும் குரல் அதே அறையில் இருந்ததாலும் அவளுக்கு உடனே பேச வந்தது.

"ஏன் அண்ணாச்சி, ஒரு வார்த்த கேட்டு எடுத்திருக்கலாம்லா?"

"நீயே அனுப்பி வெச்சன்னுல்லா நெனச்சேன்" என்றார் அவர். "கோவம் தீந்துபோச்சு, நேர்ல வரச் சடவா இருக்கு, அதான் குரல அனுப்பிருக்கான்னு."

"நான் அனுப்பல. அதுவா வந்திருக்கு."

"ம்" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அதுக்குத்தான் என் மேல கோவம் இல்லபோல."

"மெதுவாப் பாட எனக்கு வராதுன்னு சொன்னீய."

எட்வின் ஏதோ வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். சுடலைக்கண்ணு தன்னுடைய முழங்கால்களைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எனக்குத்தான் வராது, முப்பிடாதி. மெதுவாப் பாடுனா என் தொண்டைல இருக்க ஓட்ட எல்லாம் ஜனத்துக்குத் தெரிஞ்சுபோகும்னு பயம். வேகமாப் பாடுனா மறஞ்சுரும். அத ஒன்ட்டச் சொல்ல முடியல, ஒனக்கு வராதுன்னு சொல்லிட்டேன்."

"அன்னைக்கே சொல்லிருந்தா வேன்ல இருந்து இறங்கிருக்க மாட்டேன்."

"தெரியும்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு எட்வினைப் பார்த்து, "போடுங்க, கேப்போம்" என்றாள்.

பதிவான பாட்டுகளை எட்வின் ஒவ்வொன்றாகப் போட்டார். ஒற்றைச் சட்டையும், ஜன்னல் ஓரமும், ஆள் போன பந்தலும் வந்தன. அவரது குரல் நொண்டிக்கொண்டு போகிற இடத்தில் எல்லாம் இவளுடைய குரல் ஒரு தோளைக் கொடுத்தது, அவர் தனியாக நடந்துவிடுகிற இடத்தில் தள்ளி நின்றது. அவள் படிக்காத வரிகள், கேட்காத ராகங்கள். முப்பது முப்பத்தைந்து வயதில் இருந்த குரல் அது, தொண்டையில் ஒரு கீறல் விழாத குரல். ரேஷன் கடையிலும் மன்றக் கூட்டத்திலும் கத்துவதற்கு அதைத்தான் இத்தனை வருஷமாக அவள் பயன்படுத்தியிருந்தாள். கேட்கக் கேட்க, இதைக் கூட்டிக்கொண்டு போக வந்தோம் என்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"சந்தோசமா இருக்குல்லா அது" என்றாள்.

"இருக்கு" என்றார் சுடலைக்கண்ணு. "நான் ஒண்ணு சொல்லுதேன். கடைசிப் பாட்டு வேண்டாம். இருக்கது போதும், இதையே வெளியிட்டுருவோம். நீ ஒன் குரலக் கூட்டிட்டுப் போ. ஒனக்கு ஊர்ல வேல கெடக்கு."

"கடைசிப் பாட்டு என்ன பாட்டு?"

அவர் பாடவில்லை, சொன்னார்.

வந்த வழி பாத்துவெச்சேன்
போற வழி கேக்கவில்ல
சொந்தமுன்னு சொன்னதெல்லாம்
சொமையாத் தெரியவில்ல

முப்பிடாதி அதை ஒருதடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்து இதை விட்டுப் போக முடியாது என்று தோன்றியது. இதைப் பாடினால் குரல் திரும்பாது என்றும் தெரிந்தது. திரும்பாவிட்டால் கீழத்தெருவுக்குக் குழாய் வராது. நாற்காலியில் உட்கார்ந்து, சேலை முந்தியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கீழே தெருவில் இளநீர்க்காரர் கூவிக்கொண்டு போனார். கடைசியில் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள்.

"நானும் பாடுதேன்" என்றாள்.

"நீ பாடுனா அது வாய்ல இருந்து வருமா, மைக்குல இருந்து வருமா?" என்று கேட்டார் எட்வின்.

"பாத்துக்குவோம்."

சுடலைக்கண்ணு முதல் வரியை எடுத்தார். எப்போதும்போல மைக்கிலிருந்து அந்த இளங்குரல் வந்து சேர்ந்தது. முப்பிடாதி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இரண்டாம் வரியிலும் காற்றுதான். மூன்றாம் வரியில், அடித்தொண்டையில் எங்கோ கனமான மரப்பெட்டியைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அது நின்று, மறுபடி கேட்டு, நான்காம் வரியில் குரலாகி வந்தது. தாழ்ந்த குரல், கரகரப்பான குரல், அறுபத்தினாலு வயதுக் குரல். புருஷனுக்கு வாய்க்கரிசி போட்டதும், தேர்தலுக்கு வீடு வீடாக நடந்ததும், குடத்தோடு வரிசையில் நின்றதும் அதில் இருந்தன. இத்தனை நாளும் மூத்தவள் வீட்டில் இருந்ததால் அறைக்குள்ளேயே இருந்துவிட்ட இளையவள் மாதிரி அது கொஞ்சம் தயங்கி வெளியே வந்து, வெளிச்சத்தைப் பார்த்து, பிறகு நன்றாகவே நின்றது.

எட்வின் எதையும் நிறுத்தவில்லை. இளங்குரல் ஒரு கணம் ஒதுங்கி வழி விட்டது. பிறகு அது மேலே ஏறிக்கொண்டது, சுடலைக்கண்ணு நடுவில் இருந்தார், முப்பிடாதி கீழே நின்று தாங்கினாள். மூன்று பேரும் அவசரப்படாமல் அந்தப் பாட்டைப் பாடி முடித்தார்கள். முடிந்த பிறகும் யாரும் காதில் இருந்ததைக் கழற்றவில்லை.

"தண்ணி குடுங்க" என்றாள் முப்பிடாதி. அது தாழ்ந்த குரலில் வந்தது. மற்றது வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். இருக்கட்டும் என்று செருப்பை மாட்டினாள். சுடலைக்கண்ணு படி வரைக்கும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"கொடைக்குக் கூப்பிட்டா வருவியா?"

"நடுவுல வேகமா ஒரு பாட்டு வெச்சா வாரேன்" என்றாள். அவர் சிரித்த சிரிப்பு அவள் கீழே இறங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

பனையடிப்பட்டிக்குப் புதுக்குரல் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. திருப்பூர் மகன் மட்டும் முதல் தடவை, ராங் நம்பர் என்று வைத்துவிட்டான். திரும்ப அவள் அழைத்து, சின்ன வயதில் அவன் கிணற்றுக்குள் செருப்பைப் போட்டதைச் சொல்லித் திட்டிய பிறகு, "அம்மாதான்" என்று ஒப்புக்கொண்டான். செல்லக்கனி, "எங்க, என்ன ஒருதடவ வையி பாப்போம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, முன்னைவிட இது நன்றாக உள்ளே இறங்குகிறது என்று தெருவில் சொன்னாள். குழாய்க் கூட்டத்தில் முப்பிடாதி எழுந்து அதே கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டாள். செயல் அலுவலருக்கு அவள் கத்தலைக் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போடப் பழகியிருந்தது. இந்தக் குரலுக்குப் பழகவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார். சொன்னாள். கீழத்தெருவில் பள்ளம் தோண்ட ஆட்கள் வந்தார்கள். ஆடியில் தண்ணீர் வந்தது, முதல் நாள் கலங்கலாக, பிறகு தெளிவாக.

ஆல்பம் ஐப்பசியில் வந்தது. ஓடிப்போய்க் கேட்கிற பாட்டுகள் இல்லை அவை. ஒருவர் கேட்டு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இன்னொருவருக்கு அனுப்பி, அப்படித்தான் பரவின. சுடலைக்கண்ணுவுக்கு மறுபடி போன்கள் வந்தன. தை மாதம் இரண்டு கொடைகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினார். அவர் பக்கத்தில் முப்பிடாதி நின்று பாடினாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்துக்காக முப்பிடாதி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மடியில் போனை வைத்து அந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலோ கடையிலோ வேலை முடிந்து வருகிற களைப்பு முகத்தில் இருந்தது. பந்தல் பாட்டு வந்ததும் அவள் முப்பிடாதி பக்கம் திரும்பினாள்.

"சத்தமா வெச்சிருக்கேனாம்மா?"

"இல்ல, இருக்கட்டும்."

"இந்த அம்மா குரலக் கேளுங்களேன். தெனமும் இதக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போறது. வீட்டுக்குள்ள நுழையும்போது மனசு லேசாயிருது." அவள் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பழைய குரல் மாதிரி இருக்கு. இப்ப இருக்காங்களோ என்னமோ."

"இருக்கா" என்றாள் முப்பிடாதி. "நல்லாத்தான் இருக்கா."

"உங்களுக்குத் தெரியுமா அவங்கள?"

"தெரியும். ரொம்ப நாளு எங்கூடத்தான் இருந்தா" என்றாள் முப்பிடாதி. இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொல்லிவிட்டு, முன்சீட்டுக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.